பிரைட்டன்: வாடகை அறைகள் வளர்த்த கடற்கரை நகரம்

இங்கிலாந்தின் தென்கரையில், லண்டனுக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் பிரைட்டன் இருக்கிறது. இந்த ஊருக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல் போகும் ஆறும் இல்லை. நிலக்கரிச் சுரங்கமோ நூற்பாலையோ இதை வளர்க்கவில்லை. வெளியூர்க்காரர்களுக்குத் தங்க இடம் கொடுத்தே இது வளர்ந்தது. வந்தவர் யார், எத்தனை நாள் தங்கினார், அவருக்கு யார் சமைத்துப் போட்டார் என்ற மூன்றும் காலத்துக்குக் காலம் மாறின. அவை மாறியபோதெல்லாம் வீடுகளின் அமைப்பும், தெருக்களின் போக்கும், வந்தவர்கள் பார்த்து மகிழும் இடங்களும் சேர்ந்தே மாறின.

கடலுக்கு முதுகு காட்டிய ஊர்

பிரைட்டனின் பழைய பெயர் பிரைட்டெல்ம்ஸ்டன். 1086இல் இங்கிலாந்து முழுவதும் நிலக் கணக்கு எடுக்கப்பட்டபோது, இங்கிருந்த ஒரு நிலக்கிழமைக்கு உரிய வாரம் 4,000 ஹெர்ரிங் மீன்கள் என்று பதிவானது. மீன்பிடிதான் ஊரின் பிழைப்பு. 1514இல் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து ஊருக்குத் தீ வைத்தன. மீண்டெழுந்த ஊரை 1703, 1705 ஆண்டுகளின் பெரும்புயல்கள் தாக்கின. பாறைச் சரிவுக்குக் கீழே கரையோரம் இருந்த மீனவர் குடியிருப்பு அழிந்தது.

மேட்டில் எஞ்சியிருந்த பழைய ஊரின் தெருவமைப்பை லேன்ஸ் என்று அழைக்கப்படும் பகுதியில் இன்றும் காணலாம். இருவர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவுக்குக் குறுகலான சந்துகள் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றை உள்ளூர்க்காரர்கள் ட்விட்டன் என்கிறார்கள். அன்றைய வீடுகள் கடலைப் பார்த்துக் கட்டப்படவில்லை. மீனவருக்குக் கடல் பிழைப்பிடம், ஆபத்தும் அங்கிருந்துதான் வந்தது. வேலை முடிந்து வீடு திரும்பியவர் கடற்காற்றுக்குக் கதவை அடைத்தார். ஊருக்குக் கிழக்கே ஸ்டெய்ன் என்ற புல்வெளி இருந்தது. படகுகளை இழுத்து வைக்கவும் வலைகளை உலர்த்தவும் அது பயன்பட்டது.

கடல்நீர் வைத்தியம்

பக்கத்து ஊரான லூயிஸைச் சேர்ந்த மருத்துவர் ரிச்சர்ட் ரஸ்ஸல் 1750இல் இலத்தீன் மொழியில் ஒரு நூலை வெளியிட்டார். சுரப்பி நோய்களுக்குக் கடல்நீர் நல்ல மருந்து என்பது அவருடைய கருத்து. கடலில் குளிப்பதோடு கடல்நீரைக் குடிக்கவும் அவர் பரிந்துரைத்தார். 1752இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்ததும் நூல் பரவலாகப் பேசப்பட்டது. அதுவரை உள்நாட்டு ஊற்றுநீர் ஊர்களுக்கு ஆரோக்கியம் தேடிப் போன செல்வந்தர்கள் கடற்கரைக்கு வரத் தொடங்கினார்கள். 1753இல் ரஸ்ஸல் ஸ்டெய்னின் தென்முனையில், கடலோரமாகவே, நோயாளிகளும் தங்கும் வசதியோடு ஒரு பெரிய வீட்டைக் கட்டினார். 1759இல் அவர் இறந்தபின் அந்த வீடு வருகையாளர்களுக்கு வாடகைக்கு விடப்பட்டது. பிரைட்டனின் தங்கல் தொழிலுக்கு இதுவே தொடக்கப்புள்ளி எனலாம். அந்த இடத்தில் 1826இல் ராயல் ஆல்பியன் ஓட்டல் எழுந்தது. 2023 ஜூலையில் நிகழ்ந்த தீவிபத்தில் அதன் மேற்குப் பகுதி பெருமளவு சேதமடைந்து இடிக்கப்பட்டது.

கடற்குளியலைச் சுற்றி ஒரு தனித் தொழிலும் உருவானது. சக்கரம் பூட்டிய மரக்கூண்டு வண்டிக்குள் ஏறி வருகையாளர் உடை மாற்றிக்கொள்வார். குதிரை அந்த வண்டியைத் தண்ணீருக்குள் இழுத்துச் செல்லும். படியில் இறங்குபவரைப் பிடித்து அலையில் முக்கி எடுக்க ஆட்கள் இருந்தார்கள். பெண்களை முக்கி எடுத்தவர்களில் மார்த்தா கன் மிகவும் பெயர் பெற்றவர். மீனவச் சமூகத்தில் பிறந்த அவர் முதுமை வரை அந்த வேலையைச் செய்து 1815இல் காலமானார். மீன்பிடி நலிந்துவந்த ஊரில் வருகையாளர்களை நம்பிய பிழைப்பு முதலில் இப்படித்தான் மீனவக் குடும்பங்களுக்குள் நுழைந்தது. ஆனால் உலாவ வந்தவர்களுக்கு ஸ்டெய்னில் விரித்த வலைகள் இடைஞ்சலாகத் தோன்றின. அந்தப் புல்வெளியின் உரிமை தொடர்பான சச்சரவுகள் நெடுங்காலம் நீடித்து, முடிவில் மீனவர்கள் அந்த இடத்தை இழந்தார்கள்.

பருவத்துக்கு ஒரு வீடு

1783இல் இளவரசர் ஜார்ஜ், பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரானவர், தம் சிற்றப்பாவான கம்பர்லேண்ட் கோமகனைப் பார்க்க பிரைட்டன் வந்தார். ஊர் பிடித்துப்போகவே மீண்டும் மீண்டும் வந்தார். அவரைப் பின்பற்றி லண்டனின் மேட்டுக்குடியினரும் வந்தார்கள். அவர்கள் ஓரிரவு தங்கிப் போகும் பயணிகள் அல்லர். வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், குடும்பத்தோடும் பணியாட்களோடும் தங்கினார்கள். சத்திர அறை அவர்களுக்குப் போதாது. தட்டுமுட்டுச் சாமான்களோடு முழு வீட்டையும் பருவத்துக்கு வாடகைக்கு எடுத்தார்கள். சமையலை அவர்களுடைய ஆட்களே பார்த்துக்கொண்டார்கள்.

இந்த முறைக்கு ஏற்றபடியே ஊரின் பொதுவாழ்வும் அமைந்தது. வந்திறங்கிய குடும்பத்தினர் முதலில் ஸ்டெய்னில் இருந்த வாடகை நூலகத்துக்குச் சென்று சந்தா கட்டிப் பதிவேட்டில் பெயர் எழுதினார்கள். ஊருக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்பதை அந்தப் பதிவேடு மற்றவர்களுக்குச் சொல்லியது. 1767 முதல் கேப்டன் வில்லியம் வேட் சடங்கு மேலாளராக இருந்து, வந்தவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி நடனக் கூட்டங்களை ஒழுங்குசெய்தார். காசில் விடுதியிலும் ஓல்ட் ஷிப் விடுதியிலும் இருந்த கூடங்களில் நடனமும் சீட்டாட்டமும் நடந்தன. நீண்ட நாள் தங்குபவர்களுக்குத் தினமும் பொழுதுபோக வேண்டும் என்பதே இத்தனை ஏற்பாட்டுக்கும் அடிப்படை. ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் லிடியா என்ற இளம்பெண்ணைத் திசைமாற்றும் ஊராக பிரைட்டன் வருகிறது. அந்த அளவுக்கு இதன் கேளிக்கை வாழ்வு நாடறிந்ததாகிவிட்டது.

கடல் பார்க்கும் ஜன்னல்

1798 முதல் 1807 வரை கட்டப்பட்ட ராயல் கிரெசன்ட் இந்த ஊரின் கட்டடக்கலையில் பெரிய திருப்பம். பிறைவடிவில் இணைந்து நிற்கும் 14 வீடுகளும் கடலைப் பார்த்தவை. முதலீட்டாளர் ஒருவர் வாடகை வருமானத்தை எதிர்பார்த்தே அவற்றைக் கட்டினார். முகப்பில் கறுத்து மின்னுவது செங்கல் போலத் தோன்றும், ஆனால் உண்மையில் அது செங்கல் அல்ல. மரச்சட்டத்தின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டப்பட்ட மெருகோடுகள் அவை. மெல்லிய சுவருக்கு உறுதியான தோற்றம் தந்து மழையையும் உப்புக்காற்றையும் தடுத்தன.

அதற்குப்பின் எழுந்த பெரும் குடியிருப்புகள் எல்லாம் கடற்காட்சியை எத்தனை வீடுகளுக்குப் பங்கிட்டுத் தரலாம் என்ற கணக்கில் அமைந்தவை. கரையோரமாக ஒரே வரிசையில் கட்டினால் சில வீடுகளுக்குத்தான் கடல் தெரியும். அதனால் மூன்று பக்கமும் வீடுகளும் நான்காம் பக்கம் கடலுமாகச் சதுக்கங்களை அமைத்தார்கள். 1818இல் தொடங்கிய ரீஜன்சி சதுக்கமும், பக்கத்து ஊரான ஹோவின் எல்லைக்குள் 1820களில் எழுந்த பிரன்ஸ்விக் சதுக்கமும் இந்த வகையைச் சேர்ந்தவை. சதுக்கத்தின் பக்கவாட்டில் இருக்கும் வீட்டுக்கு நேரே கடல் தெரியாது. எனவே ஜன்னலை வில்போல வளைத்துச் சுவருக்கு வெளியே புடைக்கவிட்டார்கள். அந்த வளைவுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பக்கவாட்டில் கடல் தெரியும். பிரைட்டனின் அடையாளமாகிவிட்ட இந்த ஜன்னலால் வீட்டின் வாடகையும் கூடியது.

ஏமன் வைல்ட்ஸ், அவருடைய மகன் ஏமன் ஹென்றி வைல்ட்ஸ், சார்லஸ் பஸ்பி ஆகிய மூவர் இந்தக் காலத்து வீடுகள் பலவற்றை வடிவமைத்தார்கள். வைல்ட்ஸ் குடும்பத்தார் கட்டிய சில வீடுகளின் தூண்தலைப்பில் அம்மோனைட் என்ற தொல்லுயிர்ச் சுருள்சிப்பியின் வடிவத்தைக் காணலாம்.

முகப்பில் காரை பூசி வெண்ணெய் நிறச் சாயம் அடித்த இவ்வீடுகளின் சுவருக்குள் இருப்பது பங்கரூஷ் என்ற கலவை. சக்கிமுக்கிக் கல், உடைந்த செங்கல், கூழாங்கல், மரத்துண்டு எனக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பலகைகளுக்கு நடுவே கொட்டி, சுண்ணாம்புச் சாந்து ஊற்றி இறுகவிடுவார்கள். செலவு குறைவு, வேலையும் விரைவாக முடியும். ஆனால் ஈரம் உள்ளே இறங்கினால் சுவர் வலுவிழக்கும். பூச்சு வெடிக்காமல் காப்பது இன்றும் இவ்வீடுகளின் சொந்தக்காரர்களுக்கு ஓயாத செலவு. பிரன்ஸ்விக் சதுக்கத்தில் எல்லா முகப்பும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்ற விதி இன்றும் நடைமுறையில் உள்ளது.

வீட்டின் உள்ளமைப்பு அதில் வாழ்ந்தவர்களின் படிநிலையைக் காட்டியது. தரைக்குக் கீழே சமையலறையும் பணியாட்களின் கூடமும் இருந்தன. தரைத்தளத்தில் உணவறை. அதற்கு மேல்தளத்தில் உயர்ந்த ஜன்னல்களும் மாடமுமாக வரவேற்பறை. அதற்கும் மேலே படுக்கையறைகள். உச்சியில், சாய்கூரைக்கு அடியில், பணிப்பெண்கள் உறங்கினார்கள். கடற்காட்சிக்காக விருந்தினர் வாடகை கொடுத்த அதே வீட்டில், நிலத்தடிச் சமையலறையில் வேலை செய்தவர்களுக்குத் தெருவில் நடப்போரின் கால்கள்தான் தெரிந்தன. பிரன்ஸ்விக் சதுக்கத்தின் 13ஆம் எண் வீடு 1980கள் முதல் பழைய நிலைக்கு மீட்கப்பட்டுவருவதால், இந்த அடுக்குமுறையை நேரில் பார்த்தறிய முடிகிறது.

எல்லா முதலீடும் கைகொடுக்கவில்லை. தாமஸ் ரீட் கெம்ப் 1823இல் தொடங்கிய கெம்ப் டவுன் மிகப் பெரிய திட்டம். சுவர் மட்டும் எழுப்பப்பட்டு உள்வேலை முடியாத வீடுகள் ஆண்டுக்கணக்கில் வாங்குவாரின்றி நின்றன. கடன் நெருக்கியதால் 1837இல் கெம்ப் நாட்டைவிட்டே போனார். இருந்தும் ஊர் வளர்ந்துகொண்டே இருந்தது. 1801இல் சுமார் 7,300 ஆக இருந்த மக்கள்தொகை 1841இல் 46,000ஐத் தாண்டியது.

மண்டபமும் மர்தன வைத்தியமும்

இளவரசர் வாடகைக்கு எடுத்திருந்தது ஸ்டெய்னை ஒட்டிய ஒரு பண்ணைவீடு. 1787இல் ஹென்றி ஹாலண்ட் அதை விரிவாக்கிக் கட்டினார். வில்லியம் போர்டன் 1803க்குப் பின் இந்திய பாணிக் குவிமாடத்தோடு குதிரை லாயம் எழுப்பினார். 1815இல் வேலையைத் தொடங்கிய ஜான் நாஷ், பழைய கட்டடத்தின்மேல் இரும்புச் சட்டங்களை நிறுத்தி, வெங்காய வடிவக் குவிமாடங்களும் ஸ்தூபிகளும் கொண்ட ராயல் பெவிலியனாக அதை மாற்றினார். வெளிப்புறம் முகலாயக் கட்டடங்களின் சாயல், உட்புறம் சீன பாணி அலங்காரம். விக்டோரியா அரசிக்கு இந்த இடம் ஒத்துவரவில்லை. கடலை மறைத்துக் கட்டடங்கள் எழுந்துவிட்டன, கூட்டமும் தொல்லை தந்தது. 1845க்குப்பின் அவர் இங்கே வரவில்லை. 1850இல் நகர நிர்வாகம் 53,000 பவுண்டுக்கு பெவிலியனை வாங்கி மக்களுக்குத் திறந்துவிட்டது. ஓர் அரச குடும்பத்தின் விடுமுறை வீடு ஊரின் முதன்மைக் காட்சியிடமானது.

இந்தியாவிலிருந்து வந்த ஒருவரும் இந்த ஊரின் தொழில் வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றார். 1759இல் பாட்னாவில் பிறந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றிய சேக் தீன் முகமது, 1794இல் தம் பயண அனுபவங்களை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். ஆங்கிலத்தில் நூல் எழுதி வெளியிட்ட முதல் இந்தியர் அவரே. 1810இல் லண்டனில் இந்திய உணவகம் ஒன்றைத் தொடங்கி நட்டமடைந்தார். 1814இல் பிரைட்டனுக்கு வந்து, மூலிகை நீராவியில் உடலை வேர்க்கவிட்டுப் பிடித்துவிடும் சம்பி முறையை அறிமுகப்படுத்தினார். கடற்கரைச் சாலையில் 1821இல் அவருடைய குளியலகம் திறக்கப்பட்டது. மூட்டுவலிக்காரர்கள் தேடி வந்தார்கள். நான்காம் ஜார்ஜும் நான்காம் வில்லியமும் அவரைத் தங்கள் மர்தன வைத்தியராக நியமித்தார்கள். 1851இல் காலமான அவருடைய கல்லறை, மார்த்தா கன்னின் கல்லறை இருக்கும் அதே தூய நிக்கலஸ் ஆலய வளாகத்தில் உள்ளது.

ரயிலும் வீட்டுக்காரம்மாவும்

1841 செப்டம்பர் 21ஆம் தேதி லண்டன்–பிரைட்டன் ரயில் பாதை திறக்கப்பட்டது. குதிரை வண்டியில் ஐந்தாறு மணி நேரம் பிடித்த பயணம் இரண்டு மணி நேரத்துக்குள் சுருங்கியது. சலுகைக் கட்டண ரயில்களில் கடைச் சிப்பந்திகளும் கைவினைஞர்களும் தொழிலாளர்களும் வந்தார்கள். 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தபின் கூட்டம் இன்னும் பெருகியது. கோடையில் திரண்ட இந்தக் கூட்டத்தைத் தவிர்க்க, செல்வந்தர்கள் தங்கள் பருவத்தை இலையுதிர் காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் தள்ளிவைத்தார்கள். ஆண்டின் இரு பாதிகளிலும் வேறுவேறு விருந்தினர் வந்ததால் பெரும்பாலான மாதங்களில் ஊருக்கு வருமானம் கிடைத்தது.

தங்கும் முறையும் இருவழியாகப் பிரிந்தது. வசதி படைத்தவர்களுக்கு 1864இல் கிராண்ட் ஓட்டலும் 1890இல் மெட்ரோபோல் ஓட்டலும் எழுந்தன. நடுத்தர மக்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வீட்டுக்காரம்மாக்கள் அறை கொடுத்தார்கள். கைம்பெண்களும், கணவரின் வருமானம் போதாத பெண்களும், மணமாகாத பெண்களும் ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்து அறை அறையாக விட்டார்கள். ஜன்னலில் 'அப்பார்ட்மென்ட்ஸ்' என்று எழுதிய அட்டை தொங்கினால் உள்ளே அறை காலி என்று பொருள். அந்த ஏற்பாட்டில் விருந்தினரே கடைக்குப் போய் இறைச்சியும் காய்கறியும் வாங்கி வருவார், வீட்டுக்காரம்மா ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகச் சமைத்துத் தருவார். ஒரே அடுப்பில் மூன்று நான்கு குடும்பங்களின் சாப்பாட்டைக் குழப்பாமல் நேரத்துக்குப் பரிமாறுவது தேர்ந்த கைத்திறன். கோடையில் நல்ல அறைகளை விருந்தினருக்கு விட்டுவிட்டு அவரும் பிள்ளைகளும் சமையலறை ஓரத்திலோ பரணிலோ படுத்தார்கள். சில மாத உழைப்பில் ஆண்டு முழுவதற்கும் ஈட்ட வேண்டியிருந்தது. பெண்கள் தாங்களே முதலாளியாக நடத்தக்கூடிய தொழில்கள் மிகச் சிலவே இருந்த காலத்தில், இந்தத் தொழில் பலருக்கு மானத்தோடு வாழ வழி கொடுத்தது. பின்னாளில் உணவையும் சேர்த்தே கட்டணம் வாங்கும் போர்டிங் ஹவுஸ் முறை இதன் இடத்தைப் பிடித்தது.

ஒரு நாளோ ஒரு வாரமோ தங்குபவருக்கு அறிமுகச் சடங்கும் நூலகச் சந்தாவும் வேண்டியிருக்கவில்லை. நுழைவுச்சீட்டு வாங்கியதும் மகிழ்ச்சி தரும் இடங்களே வேண்டும். 1823இல் படகுத்துறையாகத் தொடங்கிய செயின் பியர் என்ற தொங்குபாலம் உலாவுமிடமாகவும் விளங்கி, 1896 டிசம்பர் புயலில் அழிந்தது. யூஜீனியஸ் பர்ச் வடிவமைத்த வெஸ்ட் பியர் கடற்பாலம் 1866இல் திறக்கப்பட்டது. அவரே வடிவமைத்த மீன்காட்சியகம் 1872இல் வந்தது. மேக்னஸ் வோக் 1883 ஆகஸ்டில் கரையோரமாக ஓட்டிய மின்ரயில், உலகில் இன்றும் ஓடும் மின்ரயில்களில் மிகப் பழையது. 1899இல் பேலஸ் பியர் திறக்கப்பட்டது. வெஸ்ட் பியர் 1975இல் மூடப்பட்டு, 2002, 2003 ஆண்டுகளில் இடிந்தும் எரிந்தும் சிதைந்தது. அதன் இரும்பு எலும்புக்கூடு இன்னும் கடலில் நிற்கிறது.

போர்க்காலம்

முதல் உலகப்போரில் பிரான்சின் போர்முனையில் காயமுற்ற இந்தியப் படைவீரர்களுக்காக 1914 டிசம்பரில் ராயல் பெவிலியன் மருத்துவமனையாக்கப்பட்டது. அதை ஒட்டிய டோம் கூடத்தில், குவிமாடத்துக்குக் கீழே வட்டவட்டமாகக் கட்டில்கள் போடப்பட்டன. சாதி, சமய வழக்கங்களுக்கு ஏற்ப ஒன்பது சமையலறைகள் இயங்கின. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள் இருந்தன. நகரின் வேறு கட்டடங்களிலும் இந்திய வீரர்களுக்கு மருத்துவமனைகள் அமைந்தன. 1916 தொடக்கம் வரை பிரைட்டனில் 12,000க்கு மேற்பட்ட இந்திய வீரர்கள் சிகிச்சை பெற்றார்கள். விருந்தோம்பலுக்குப் பெயர்போன ஊரில் அவர்கள் நினைத்தபடி வெளியே உலாவ முடியவில்லை. கடும் கட்டுப்பாடுகள் இருந்தன. உயிரிழந்த இந்து, சீக்கிய வீரர்களில் 53 பேரின் உடல்கள் நகருக்கு வடக்கே புல்மேட்டில் தகனம் செய்யப்பட்டன. அந்த இடத்தில் 1921 பிப்ரவரியில் சத்ரி என்ற வெண்பளிங்கு நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. பெவிலியன் தோட்டத்தின் தென்வாயிலில் நிற்கும் குஜராத் பாணித் தோரணவாயில், அதே ஆண்டில் இந்தியா சார்பில் நன்றிக்கொடையாக அளிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில், 1940 ஜூலையில், கடற்கரை முழுவதும் மூடப்பட்டு, கண்ணிவெடியும் முள்கம்பியும் பரப்பப்பட்டன. எதிரி இறங்கிவிடாதபடி கடற்பாலங்களின் நடுப்பகுதியையும் அகற்றினார்கள்.

வீடு ஃபிளாட்டாக மாறியது

பணியாட்கள் கிடைப்பது அரிதானதும் ஐந்து தளம் கொண்ட பெரிய வீடுகளைத் தனிக்குடும்பம் நடத்துவது கட்டுப்படியாகவில்லை. தளத்துக்கு ஒரு குடித்தனமாக அவை பிரிக்கப்பட்டன. பழைய வரவேற்பறையை இரண்டாகத் தடுத்து ஒரு பாதியில் அடுப்பும் குழாயும் வைத்தார்கள். அப்படித் தடுத்த சுவர், கூரையின் பூவேலைப்பாட்டை நடுவே வெட்டிச் செல்வதை இன்றும் பல ஃபிளாட்டுகளில் பார்க்கலாம். 1935இல் பிரன்ஸ்விக் சதுக்கத்துக்கு அருகே வெல்ஸ் கோட்ஸ் வடிவமைத்த எம்பசி கோர்ட் எழுந்தது. 11 தளம் கொண்ட, தொடக்கத்திலேயே அடுக்ககமாகக் கட்டப்பட்ட கான்கிரீட் கட்டடம் அது. அதே வழியில் பழைய சதுக்கங்களை இடித்து அடுக்ககம் கட்டும் யோசனை ஹோவில் எழுந்தபோது, அதை எதிர்த்து 1945இல் ரீஜன்சி சொசைட்டி உருவானது. எதிர்ப்பு வென்று பிரன்ஸ்விக் சதுக்கம் பிழைத்தது.

1938இல் சம்பளத்தோடு விடுமுறைக்கான சட்டம் வந்திருந்தது. போருக்குப்பின் உழைக்கும் குடும்பங்களால் ஒரு வாரத்துக்கு மேலும் தங்க முடிந்தது. ஆனால் குறித்த நேரத்தில் சாப்பாடு, இரவில் குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற போர்டிங் ஹவுஸ் கண்டிப்பு அவர்களுக்குச் சலித்தது. தாங்களே சமைத்துக்கொள்ளும் விடுமுறை ஃபிளாட் அவர்களை ஈர்த்தது. 1960களுக்குப்பின் மலிவான விமானப் பயணம் பலரை ஸ்பெயினுக்கு இழுத்தபோது நீண்ட தங்கல் மறையத் தொடங்கியது. பிரைட்டன் தன்னை வார இறுதி ஊராகவும் மாநாட்டு ஊராகவும் மாற்றிக்கொண்டது. 1974இல் டோம் கூடத்தில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ஆபா குழு வென்றது. 1977இல் பிரைட்டன் சென்டர் என்ற பெரிய மாநாட்டுக் கூடம் திறக்கப்பட்டது. 1984 அக்டோபரில் கன்சர்வேடிவ் கட்சி மாநாட்டின்போது கிராண்ட் ஓட்டலில் குண்டு வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள். பிரதமர் மார்கரெட் தாட்சர் உயிர்தப்பினார்.

பிரைட்டனும் ஹோவும் இணைந்த நகராட்சிக்கு 2000 டிசம்பரில் மாநகரத் தகுதி அறிவிக்கப்பட்டது. 2021 கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை சுமார் 2,77,000. பெவிலியன், லேன்ஸ், பேலஸ் பியர் ஆகியவற்றோடு, நகரை ஒட்டி 2010இல் அமைந்த சவுத் டவுன்ஸ் தேசியப் பூங்காவும் வருகையாளர்களை ஈர்க்கிறது.

இணையம் வழியாகச் சில இரவுகளுக்கு வீடு விடும் முறை 2010களில் பரவியதும், சதுக்கங்களில் இருந்த பழைய வீடுகளின் ஃபிளாட்டுகள் மீண்டும் விருந்தினர் கைக்கு வந்தன. பருவ வாடகையை நம்பிக் கட்டப்பட்ட வீடுகள் இரவு வாடகைக்கு விடப்படுகின்றன. முந்தைய காலங்களில் விருந்தினருக்காகப் புதிய வீடுகள் எழுந்தன. இப்போது ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் பாதுகாக்கப்பட்ட குன்றுகளுமாக நகரம் விரிய இடமில்லை. அதனால் விருந்தினருக்குப் போகும் ஒவ்வொரு ஃபிளாட்டும் உள்ளூர்க் குடும்பம் ஒன்றுக்குக் கிடைக்காமல் போகிறது. இந்த நெருக்கடி இங்கிலாந்தின் வேறு கடற்கரை ஊர்களிலும் உண்டு. 2023இல் நிறைவேறிய சட்டம், குறுகிய கால வாடகை வீடுகளுக்குப் பதிவுமுறை கொண்டுவர அரசுக்கு அதிகாரம் அளித்தது. தட்டுமுட்டுச் சாமான்களோடு விடுமுறைக்கு விடப்படும் வீடுகளுக்கு இருந்த தனி வரிச்சலுகை 2025 ஏப்ரலில் நீக்கப்பட்டது. விருந்தினருக்கு எத்தனை வீடு, குடியிருப்போருக்கு எத்தனை வீடு என்பதைச் சந்தையின் போக்குக்கே விட்டுவந்த பிரைட்டனில், அதில் சட்டமும் தலையிடும் காலம் இதனால் தொடங்கியிருக்கிறது.